கொற்கைக் குளத்தங்கரையில் நின்ற பிளஷர்

குளத்தங்கரை ஏற்றத்தில் பாதி தூரம் போனதுமே வண்டிக்கு மூச்சு வாங்கியது. அத்தான் கியரைக் குறைத்தார். சத்தம் கூடியதே தவிர இழுவை கூடவில்லை. பின்னால் இருந்த கரி டிரம்மிலிருந்து காய்ந்த இரும்பின் வாடை வந்தது. நான் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தேன். நான் தள்ளினால் வண்டி மேட்டில் ஏறிவிடும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா மடியில் வைத்திருந்த புடவைக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இறங்குளா பாக்கியம். வழக்கம்போலத் தள்ளணும்லா" என்றாள்.

அந்த ‘வழக்கம்போல’தான் எனக்கு வலித்தது. அத்தான் காதில் விழட்டும் என்றே அம்மா சொன்னாள். அவர் பின்பக்கம் போய் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் தூத்துக்குடிக் கடற்கரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை சண்டைக்கு வந்தாள். "சங்கு, தோணி, உப்பளம் எல்லாம் எழுதினே. உன் கல்யாணத்தை முடிச்சு வச்ச வண்டியை மட்டும் மறந்துட்டியாக்கும்" என்றாள். மறக்கவில்லை. அதைச் சொன்னால் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கரி தின்கிற கார்

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் இருந்தாலும் பெட்ரோல் இருக்காது. வசதிக்காரர்கள் வீட்டுக் கார்களெல்லாம் கொட்டகையில் கோழிக்கு முட்டையிட இடம் கொடுத்துக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் காரைப் பிளஷர் என்போம். அப்படிக் கோழி அடைந்துகிடந்த ஒரு பழைய பிளஷரைத்தான் அத்தான் வாங்கினார்.

அத்தான் என்றால் அப்பாவின் அக்காள் மகன் செல்லத்துரை. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பிளஷருக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மைப் பொருத்தி, தூத்துக்குடிக்கும் ஏரலுக்கும் வாடகைக்கு ஓட்டினார்.

அந்த டிரம் ஒரு பெரிய அடுப்பு. மேலே உடைமரக் கரியைக் கொட்டி மூட வேண்டும். பக்கத்தில் காற்றுப் போக ஒரு துளை. அடியில் சாம்பல் அள்ள ஒரு சின்னக் கதவு. கரி கனன்று வருகிற வாயு குழாய் வழியாகப் போய், தேங்காய் நார் அடைத்த பெட்டியிலும் துணிப் பையிலும் வடிகட்டி எஞ்சினுக்குள் நுழையும். காலையில் வண்டியைக் கிளப்ப ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும். அத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றாலும் மூக்கு நுனியில் கரி இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வயதில் சொல்வதற்கென்ன, ரொம்பவே பிடித்திருந்தது.

வண்டியின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புப் பூசியிருந்தது. துறைமுகத்தில் விளக்கே தெரியக் கூடாது என்று அப்போது உத்தரவு. உப்பளங்களைத் தாண்டுகிற வரைக்கும் உப்புக் குவியலின் வெள்ளைதான் வழி காட்டும். அப்பா அந்த இடம் வந்ததும் முத்துக்குளிப்புக் கதையை ஆரம்பிப்பார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரையில் கொட்டகை போட்டு ஊரே கூடுமாம். சிப்பி அழுகுகிற நாற்றம் பல மைலுக்கு அடிக்குமாம். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் மனுசன் முத்துக்கு ஆசைப்பட்டான் என்பார். நான் முத்துக்குளிப்பைப் பார்த்ததில்லை. சங்கு மூட்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

உடன்குடியிலிருந்து வந்த பேச்சு

அப்பாவுக்கு ஏரலில் மளிகைக் கடை. வாரம் ஒருமுறை சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போவார். அக்காள் மகன் வண்டி இருக்கும்போது வேறு வண்டியில் ஏறினால் அத்தை பேச்சையே நிறுத்திவிடுவாள். ஆகவே அந்த வண்டியில்தான் போய் வருவார்.

எனக்கும் அத்தானுக்கும்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. அத்தான் கடையில் உட்காராமல் எஞ்சினோடு போனதிலிருந்து அப்பாவுக்கு மனசு சரியில்லை. கையில் கறுப்பு ஒட்டுகிற வேலை ஒரு வேலையா என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பொங்கல் கழித்துப் பதில் சொல்வதாக அப்பா சொல்லியனுப்பிவிட்டார். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்தது கூட இல்லை. நல்லவராகவே இருந்திருக்கலாம். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்கழி பிறந்ததும் வண்டி படுக்க ஆரம்பித்தது. அதுவும் அப்பா ஏறுகிற நாளில்.

தூத்துக்குடியிலிருந்து முக்காணி வரைக்கும் ஒழுங்காக வரும். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி, அத்தான் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றுவார். அதன் பிறகு கொற்கைக் குளத்தங்கரை ஏற்றம் வந்தால் திடீரென்று இழுவை போய்விடும். அப்பா இறங்கித் தள்ளுவார். சமதளத்துக்கு வந்ததும் வண்டி நொண்டிக்கொண்டே ஏரல் வந்து சேரும். வெள்ளை வேட்டியில் கரியோடு கடைத்தெருவில் இறங்குகிற அப்பாவைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வண்டி உங்களக் கொண்டாந்துச்சா, நீங்க வண்டியக் கொண்டாந்தியளா?" என்று கேட்காத ஆள் இல்லை.

"பாதி வழியில நிக்கிற வண்டிய நம்பி எப்படிளா பொண்ணக் குடுக்க?" என்று அப்பா ஒரு நாள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பார்க்காத இடம் பாக்கியில்லை

அத்தான் ஓய்ந்து உட்காரவில்லை. முதலில் துணிப் பையில் பழி போட்டார். கடல் காற்றில் துணி நமத்துப்போனால் வாயு புகாது. பையைக் கழற்றி வெயிலில் காயப்போட்டார். அடுத்த வாரமும் வண்டி படுத்தது. கரி ஈரமாக இருக்கும் என்று சாத்தான்குளம் பக்கத்திலிருந்து புதுக்கரி கொண்டுவந்து ஓலைப்பாயில் உலர்த்தினார். அப்போதும் படுத்தது. டிரம்முக்குள் கரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கிறதோ என்று கம்பியை விட்டுக் குத்தினார். எஞ்சினைப் பிரித்து வால்வைத் தேய்த்தார்.

அப்பா இல்லாத நாளில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தார். வண்டி ஜம்மென்று ஏறியது. அப்பாவை ஏற்றினால் நின்றது.

"உன் மாமாவுக்கும் இந்த வண்டிக்கும் ஏதோ பொருத்தம் சரியில்ல" என்று அத்தை வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கவே கிளம்பிவிட்டாள். அத்தான்தான் தடுத்தார்.

எனக்கு அவர் ஒரு முறை சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் சாக்கு மூட்டையை இறக்கிவிட்டு நின்றபோது, நான் கேட்காமலே சொன்னார். "இந்த அடுப்புக்குக் காத்து ஒரே வாசல்லதான் போகணும் பாக்கியம். வேற பொத்தல் வழியாப் போச்சுன்னா வாயு உள்ளயே எரிஞ்சி போயிரும். எஞ்சினுக்கு வெறுஞ் சூடுதான் வரும். எங்கனயோ பொத்தல் இருக்கு. எங்கனன்னுதான் தெரியல."

காதலைச் சொல்லத் தெரியாத மனிதர் பொத்தலைப் பற்றிப் பேசினார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊதுபத்தி

முதலில் சொன்ன நாளுக்கு வருகிறேன். பொங்கலுக்குப் புடவை எடுக்க அம்மாவும் நானும் அப்பாவோடு தூத்துக்குடி போய்த் திரும்பிய நாள். ஏரல் வரைக்கும் கூட வந்தவர் ஆழ்வார்திருநகரி வாத்தியார் ஒருவர். நெற்றியில் நாமம், கையில் குடை. அப்பா அவர் மேல் பெரிய மரியாதை வைத்திருந்தார். அவர் எதிரில் உட்காரக்கூட யோசிப்பார்.

முக்காணியில் வண்டி நின்றதும் அம்மாவும் நானும் வாய்க்காலில் கால் நனைக்கப் போனோம். வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அப்பா மட்டும் வண்டிக்குப் பின்னால் காலாற நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகுதான் குளத்தங்கரை, மூச்சுவாங்கல், அம்மாவின் ‘வழக்கம்போல’.

வாத்தியார் குளத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்த இடத்துலதான் ஒரு காலத்துல கடல் இருந்தது. பாண்டியனோட கப்பலெல்லாம் இங்கதான் நிக்கும்" என்றார்.

"இப்ப நம்ம வண்டி நிக்கி" என்றார் அப்பா. அத்தானைப் பார்க்காமலே சொன்னார்.

பிறகு அவர் வாத்தியாரோடு கரையோரம் நடந்தார். காற்றில் பேச்சு தெளிவாக வந்தது. உடன்குடிக்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கல் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே ஆளனுப்பிவிடலாம் என்றார். அத்தானுக்கும் கேட்டிருக்கும். அவர் ஸ்பானரை வைத்து டிரம்மின் ஒவ்வொரு திருகையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க வாங்கின ஊதுபத்தியில ஒண்ணு தாங்க" என்று திடீரென்று அம்மாவிடம் கேட்டார்.

"சாமி கும்பிட்டா வண்டி ஓடுமாடே?" என்று அம்மா கேட்டாள். கேட்டாலும் கட்டைப் பிரித்து ஒன்றைக் கொடுத்தாள்.

அத்தான் அதைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தார். "நான் எஞ்சினை முடுக்குதேன். நீ இதை ஒவ்வொரு மூடிப் பக்கமும் மெதுவாக் கொண்டு போ. பொகை வெளிய போனா விட்டுரு. உள்ள இழுத்தா என்னையக் கூப்பிடு."

அவர் போய் எஞ்சினை முடுக்கினார். நான் மேல் மூடியைச் சுற்றி ஊதுபத்தியைக் கொண்டுபோனேன். புகை காற்றோடு போனது. குழாய் இணைப்புகளிலும் அப்படித்தான். குனிந்து சாம்பல் கதவுக்குப் பக்கத்தில் நீட்டினேன். சந்தன வாசனைப் புகை மெல்லிசான நூலாக வளைந்து கதவின் ஓரத்தில் உள்ளே போனது. கையைத் தள்ளிப் பிடித்தேன். மறுபடி அங்கேயே போனது. கதவைச் சுற்றியிருந்த பெயிண்ட் பொரிந்து போயிருந்தது.

"அத்தான்" என்றேன்.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். கதவின் திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் அதைச் சந்தேகிக்கவில்லை. இடுக்கியால் திருகைத் தளர்த்தித் திறந்தார்.

உள்ளே சாம்பலில், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்த மாதிரி பனங்கிழங்குகள் வெந்துகொண்டிருந்தன. ஒரு கிழங்கின் தோல் கதவு விளிம்பில் மாட்டி, கதவு கசியாமலிருக்கச் சுற்றியிருந்த கல்நார்க் கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் கருகி ஒட்டியிருந்தது. அந்தத் தோலின் கனம்தான் பொத்தல்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவித்த கிழங்கு அப்பாவுக்குப் பிடிக்காது. சுட்ட கிழங்கு என்றால் உயிர். சுட்டதைத் தின்றால் வயிற்றைப் புரட்டுகிறது என்று அம்மா வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டாள். கடைத்தெருவில் நின்று தின்னவும் அண்ணாச்சிக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. அத்தான் சாம்பல் அள்ளுவதை அப்பா பார்த்திருப்பார். அந்தத் தணலைப் பார்த்தால் எங்கள் பனங்காட்டு ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? முக்காணியில் துண்டால் பிடித்துத் திருகைத் திறந்து செருகி, ஏரலில் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் வண்டி நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அத்தானும் சாம்பலில் அவ்வப்போது கருகிய நாரைப் பார்த்தாராம். வடிகட்டிப் பெட்டியின் தேங்காய் நார் என்று நினைத்துவிட்டாராம்.

கதவைத் திறந்ததும் வாசனை குளத்தங்கரை முழுக்கப் பரவியது. வாத்தியார் நின்று மூக்கை நிமிர்த்தினார். "ஆஹா, யாரோ பனங்கிழங்கு சுடறா போலிருக்கே" என்றார்.

அப்பா திரும்பினார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். அப்பாவின் முகம் அப்படிச் சுண்டி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். இத்தனை வாரமாக இத்தனை பேர் முன்னால் பேசிய பேச்செல்லாம் அந்தக் கதவுக்குள் கிடந்தது. ஒரு வார்த்தை போதும், அத்தானின் மானம் திரும்பிவிடும். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"வயக்காட்டுல யாரோ சுடுதாவ சாமி" என்றார் அத்தான்.

கிழங்குகளைக் கம்பியால் உள்ளே தள்ளினார். விளிம்பில் ஒட்டியிருந்த தோலைச் சுரண்டி எடுத்தார். கந்தலால் சுத்தமாகத் துடைத்துக் கதவை மூடித் திருகினார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா. இந்தக் கதவு சரியாப் பொருந்தல. நாந்தான் கவனிக்கல, என் தப்புதான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்க்கையே போகப் போகிறது, இவருக்கு என்ன பெருந்தன்மை வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தது. ஏரல் வரைக்கும் அவர் பின்தலையை முறைத்துக்கொண்டே வந்தேன்.

வண்டி அந்த ஏற்றத்தில் முனகாமல் ஏறியது.

தகரப் பெட்டி

அன்று ஏரலில் இறங்கியதும் அப்பா வண்டிக்குப் பின்னால் போகவில்லை. நேரே வீட்டுக்குள் போய்விட்டார். கேட்ட தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டார். உடன்குடிக்கு ஆளும் அனுப்பவில்லை.

அவர் துண்டைத் துவைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள். "எங்கனயோ சுட்டுத் தின்னுதாருன்னு எனக்கு மார்கழி பொறந்ததுமே தெரியும்ளா. துண்டெல்லாம் சாம்பல், நுனியில பொசுங்கல். அடுப்பு எங்கன இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு." பிறகு துண்டைப் பிழிந்து உதறினாள். "அந்தப் பய வாயத் தொறக்கல பாத்தியா" என்றாள்.

அடுத்த வாரம் அப்பா தனியாகத் தூத்துக்குடி போனார். நடந்ததை அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். முக்காணியில் வண்டி நின்றபோது பழக்கதோஷத்தில் பின்பக்கம் போனாராம். புகை போகிற குழாயின் மேல் புதிதாக ஒரு தகரப் பெட்டி கம்பியால் கட்டியிருந்ததாம். மூடியும் இருந்ததாம். தொட்டால் சுடுகிற சூடு. நீளம் சரியாக ஒரு கிழங்கு நீளம். அது எதற்கு என்று அத்தான் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வாய்க்காலுக்குப் போன அத்தான் அன்று திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானதாம்.

அப்பா வீட்டுக்கு வரும்போது வேட்டியில் கரி இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"உடன்குடிக்காரங்க வேற எடம் பாத்துக்கிடட்டும்னு சொல்லி அனுப்பிரு. அக்காகிட்ட நான் பேசுதேன்" என்றார்.

"ஏன், இன்னைக்கு வண்டி நிக்கலையாக்கும்?" என்றாள் அம்மா. அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"இனிமே நிக்காது" என்றார் அப்பா.

மாசியில் எங்களுக்குக் கல்யாணம். யுத்தம் முடிந்து சில வருசத்தில் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. அத்தான் டிரம்மைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். தகரப் பெட்டியை மட்டும் கழற்றவில்லை. வண்டி மாறியபோது அதுவும் அடுத்த வண்டிக்கு மாறியது.

எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. நான் அவர் வீட்டு ஆட்களை ஒருவர் விடாமல் இழுத்துப் பேசியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் அந்தக் கிழங்கை எடுத்து என் முன்னால் போட்டதில்லை.

அப்பா காலமான பிறகு ஒரு தை மாதத்தில் அத்தான் கிழங்கு சுட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். அன்றைக்குத்தான் கேட்டேன். "அன்னைக்குக் குளத்தங்கரையில ஏன் சொல்லல? என்னையக் குடுக்காமப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

அவர் நாரை உரித்துக்கொண்டே யோசித்தார்.

"சொல்லியிருந்தாலும் உன்னையக் குடுத்திருப்பாரு" என்றார். "ஆனா அதுக்கப்புறம் மாமா என் வண்டியில ஏறியிருக்க மாட்டாரு."

அப்பா கடைசிவரைக்கும் அவர் வண்டியில்தான் ஏறினார்.